துபாய் ஸ்பேர் பார்ட்ஸ் கண்காட்சியில் எங்கள் புஷ்

சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் நானும் மச்சானும் சேர்ந்து நடத்துவது ஒரு சின்ன ரப்பர் யூனிட். சஸ்பென்ஷன் புஷ்தான் பிழைப்பு. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேரும் இடத்தில், உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர் என்று ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதுதான். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மெக்கானிக் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்ப்பது இதைத்தான். 2024 டிசம்பர் 10 முதல் 12 வரை துபாய் வேர்ல்டு டிரேட் சென்டரில் நடந்த ஆட்டோமெக்கானிக்கா என்ற ஸ்பேர் பார்ட்ஸ் கண்காட்சியில் ஸ்டால் போட்டோம். எஸ்டேட்டில் பலரும் அதைப் பற்றி விசாரிப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குத்தான் நாங்கள் நெடுநாளாகச் சரக்கு போடுகிறோம். ஒரே வண்டிக்கு ஐந்தாறு பிராண்டு புஷ் ஒரே அலமாரியில் இருக்கும். விலையில் நாம் இரண்டு ரூபாய் குறைத்தால் அடுத்தவர் மூன்று ரூபாய் குறைப்பார். பணம் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று இழுக்கும். வெளியே விற்றால் என்ன என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் இன்னோவாவுக்கு நல்ல மோல்டுகள் இருந்தன. இன்னோவா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூன்றும் டொயோட்டா 2004 வாக்கில் கொண்டுவந்த ஐ.எம்.வி. என்ற ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. வளைகுடாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஹைலக்ஸ் ஓடாத ஊர் இல்லை. அதனால் எங்கே போவது என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை.

இந்தக் கண்காட்சியின் தாய்வீடு ஃபிராங்க்ஃபர்ட். அங்கே இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கிறது. ஆனால் ஐரோப்பியக் கொள்முதல்காரர்கள் டெக்டாக் என்ற மின்னணு உதிரிபாகப் பட்டியலில் உங்கள் டேட்டா இருக்கிறதா என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு துபாய்தான் சரி. அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் துபாய்க்காரர்கள் இல்லை என்பதுதான் விஷயமே. நைரோபியின் கிரின்யாகா ரோடு, அக்ராவின் அபோஸே ஒக்காய், லாகோஸின் லாடிப்போ என்று ஆப்பிரிக்காவின் பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் சந்தைகளிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். ஈராக்கிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிறார்கள். துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் கணிசமான பங்கு மறு ஏற்றுமதியாக இவர்கள் ஊருக்குத்தான் போகிறது.

ஸ்டால் எடுக்க இரண்டு வழி. நேரடியாக நடத்துபவர்களிடம் எடுக்கலாம், அல்லது ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சிலோ தொழில் சங்கமோ எடுக்கும் இந்திய அரங்குக்குள் ஒரு இடம் வாங்கலாம். முதல் தடவை போகிற சின்ன யூனிட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது. மத்திய குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் பன்னாட்டு ஒத்துழைப்புத் திட்டத்தில் ஸ்டால் வாடகையிலும் விமானக் கட்டணத்திலும் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் விண்ணப்பிப்பது சங்கம்தான், தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. சிறுதொழிலுக்கான உதயம் பதிவு, ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண், கவுன்சில் உறுப்பினர் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். போர்டிங் பாஸை உயிரைப் போலப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டாலில் நீங்கள் நிற்கும் படமும், பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி, கண்டிப்பாக எடுங்கள். பணம் திரும்ப வருவதற்கு இதெல்லாம்தான் ஆதாரம். அதுவும் உடனே வராது, கைக்காசு போட்டுத்தான் போக வேண்டும்.

சாம்பிள் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். திருப்பிக் கொண்டுவரப் போகிற விலை உயர்ந்த பொருள் என்றால் ஃபிக்கி வழங்கும் ஏ.டி.ஏ. கார்னெட், அதாவது வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் ஆவணம், போட்டுக்கொள்வது உத்தமம். புஷ் மாதிரி கொடுத்துவிட்டு வரும் சாம்பிளுக்கு அது தேவையில்லை. வணிக மதிப்பற்ற மாதிரி என்று எழுதிய இன்வாய்ஸோடு கவுன்சில் ஏற்பாடு செய்த சரக்கு ஏஜென்ட் மூலம் அனுப்பினோம். இரும்பு என்பதால் எடை சீக்கிரம் ஏறும். பத்து வகைதான் காட்ட முடியும் என்றால் எந்தப் பத்து என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது பட்டியலுக்கு. கேட்லாக் என்றால் பளபளப்பான படம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரி படத்தைப் பார்ப்பதே இல்லை, எண்ணைத்தான் பார்க்கிறார். டொயோட்டா எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும், அடுத்த ஐந்து எந்த வண்டிக்கு என்று சொல்லும். 48654, 48655 என்று ஆரம்பித்தால் லோயர் ஆர்ம் புஷ் என்று அவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரிஜினல் எண், எங்கள் எண், வண்டி, வருஷம், உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், எடை, பெட்டிக்கு எத்தனை என்று ஒரே வரியில் போட்டோம். ஒரிஜினல் எண் ஒப்பீட்டுக்கு மட்டும் என்று அடியில் எழுதினோம். வண்டிக் கம்பெனியின் லோகோவை எங்கும் போடவில்லை, போடவும் கூடாது. கண்காட்சியை நடத்துவது மெஸ்ஸே ஃபிராங்க்ஃபர்ட் நிறுவனத்தின் கிளை. அந்த நிறுவனம் போலிச் சரக்குக்கு எதிராகத் தனியாக இயக்கமே நடத்துகிறது.

முதல் நாள் காலையிலேயே போட்டி என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. ஒன்பது சதுர மீட்டர், ஒரு மேசை, நாலு நாற்காலி, தலைக்கு மேலே பெயர்ப்பலகை. எங்களுக்கு இடப்பக்கம் ராஜ்கோட்காரர், எதிரே லூதியானாக்காரர், இன்னும் கொஞ்சம் தள்ளி ஃபரிதாபாத். எல்லோருமே ரப்பர் பாகம்தான். வருகிற ஆள் ஒரு புஷ்ஷை எடுத்துப் பார்ப்பார், பேசவே மாட்டார். கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி நம் பக்கம் திருப்புவார். நாம் தலையாட்டாவிட்டால் நாலடி நடந்து எதிர் ஸ்டாலில் அதே கால்குலேட்டரைக் காட்டுவார். மத்தியானத்துக்குள் எங்கள் வரிசையில் ஹைலக்ஸ் புஷ்ஷின் விலை பத்து சென்ட் இறங்கியிருந்தது. இறக்கியது சீனா இல்லை, நாங்களேதான் ஒருவரை ஒருவர் இறக்கிக்கொண்டோம். சீன ஸ்டால்களில் போய்ப் பார்த்தேன். அவர்கள் சொன்ன விலை எங்கள் ரப்பர் செலவுக்கே பக்கத்தில் இருந்தது. அந்த விலையைத் துரத்திக்கொண்டு இந்தியாவிலிருந்து யாரும் பிழைக்க முடியாது.

அன்று சாயங்காலம் மச்சான் சொன்னார்: "நம்ம விலையைத் தொட வேண்டாம். கேக்கறவனுக்கு புஷ்ஷை வெட்டிக் காட்டு." சரி என்று அடுத்த நாள் அதையே செய்தோம். ஹாக்ஸாவால் முன்பே நெடுக்காக அறுத்து வைத்திருந்த துண்டுகளை மேசை நடுவில் வைத்தோம். பக்கத்தில் ஒரு இடுக்கி, ரப்பர் எவ்வளவு கடினம் என்று அளக்கும் ஒரு ஹார்ட்னஸ் மீட்டர். இடுக்கியால் ரப்பரைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். நல்ல புஷ்ஷில் ரப்பர்தான் கிழியும், இரும்பின் மேல் கறுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டுதல் மோசம் என்றால் ரப்பர் அப்படியே உரிந்து, உள்ளே இரும்பு பளிச்சென்று தெரியும். இதைப் பார்த்த பிறகு எந்த வியாபாரியும் கால்குலேட்டரை உடனே எடுக்கவில்லை.

சில சாம்பிளின் மேல் வெண்மையாக ஒரு படலம் இருந்தது. அதைக் காட்டி, பழைய ஸ்டாக் என்று வரிசையிலேயே யாரோ கிளப்பிவிட்டார்கள். ஓர் ஈராக் வியாபாரி நேராகவே கேட்டார். அது மெழுகு. ஓசோன் பட்டால் இயற்கை ரப்பர் வெடிக்கும் என்பதால் காம்பவுண்டில், அதாவது ரப்பர் கலவையில், மெழுகு சேர்க்கிறோம், அது மெல்ல மேலே வந்து படிந்து ரப்பரைக் காக்கிறது. விரலால் துடைத்துக் காட்டினேன், கறுப்பு வந்தது. "அப்போ இது வராத புஷ்ஷில் மெழுகு இல்லையா?" என்று கேட்டார். வேறு வகைப் பாதுகாப்புப் பொருளும் உண்டு, அதனால் அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது என்றேன். நம்பிக்கை வந்தது போலத் தலையசைத்து உட்கார்ந்தார்.

பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து கேட்லாக்கை பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறவர்கள் நிறைய. அவர்களும் ஸ்டால்காரர்கள்தான். எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த இன்னொரு கம்பெனிக்காரர் இதற்காகச் சண்டையே போட்டார். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. புஷ்ஷின் வடிவத்தில் ரகசியம் கிடையாது, ஒரிஜினலை வாங்கி வெர்னியர் வைத்து அளந்தால் யாரும் மோல்டு வெட்டலாம். காம்பவுண்ட் கலவையும், அது ஒவ்வொரு பேட்சிலும் ஒரே மாதிரி வருவதும்தான் நம் சொத்து. அதைப் படம் எடுக்க முடியாது.

நைரோபிக்காரர் வந்தது கூட்டம் குறைந்த நேரத்தில். வயதானவர், பூர்வீகம் குஜராத், இந்தியில் பேசினார். தன் பையிலிருந்து ஒரு பெட்டி எடுத்தார். தற்போது அவர் விற்கும் சரக்கு, யாருடையது என்று சொல்லவில்லை. அதிலிருந்து இரண்டு புஷ்ஷை எடுத்து எங்கள் மீட்டரை வைத்து அமுக்கினார். ஒன்று 60 காட்டியது, இன்னொன்று 72. இந்த மீட்டர் காட்டும் ஷோர் ஏ அளவில் ஐந்து முன்பின் இருப்பது சகஜம், பன்னிரண்டு என்றால் இரண்டும் இரண்டு விதமாக ஓடும். "இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலது சக்கரத்துக்கு ஒண்ணு போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்குது பாய், கஸ்டமர் என் கடையிலதான் வந்து நிக்கிறான்" என்றார். எங்கள் சாம்பிளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, விலை கேட்காமல் முழுப் பட்டியலையும் கேட்டார். ஹைலக்ஸ் மட்டும் போதாது, ஹையேஸ், லேண்ட் குரூஸர், பிராடோ எல்லாம் ஒரே ஆளிடமிருந்து ஒரே சரக்காக வர வேண்டும் என்றார்.

கண்காட்சி முடிந்த பிறகு ஊருக்கு ஓடிவிடாமல் தேராவில் நைஃப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளைச் சுற்றுவது ரொம்ப முக்கியம். ஸ்டாலில் பேசிய விலையெல்லாம் உண்மையா என்று கவுண்டரில்தான் தெரியும். ஒரு மொத்தக் கடையில் கொள்முதல் பார்க்கும் மலையாளி ஒருவர் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினார். "சாரே, விலை குறைஞ்ச சரக்கு இங்கே நிறைய உண்டு. திரும்பி வராத சரக்கு குறைவு" என்று சொல்லி, திரும்பி வந்த பெட்டிகளின் அடுக்கைக் காட்டினார். பெட்டி பற்றியும் சொன்னார். ஈரத்தில் லேபிள் உரிந்துவிட்டால் உள்ளே தங்கமே இருந்தாலும் விற்காதாம். அட்டைப்பெட்டி இருபது கிலோவைத் தாண்டினால் ஆப்பிரிக்காவில் இறக்கும்போது உடைகிறதாம். இதெல்லாம் ஸ்டாலில் யாரும் சொல்லாத விஷயம்.

ஊர் வந்ததும் ஸ்டாலில் வாங்கிய விசிட்டிங் கார்டுகளை மூன்றாகப் பிரித்தோம்: எண் கேட்டவர்கள், விலை மட்டும் கேட்டவர்கள், மற்றவர்கள். எண் கேட்டவர்களுக்கு அந்த வாரத்திலேயே அவர்கள் கேட்ட எண்களை மட்டும் போட்டு விலைப்பட்டியல் அனுப்பினோம். பதில் வந்தது பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான். அமீரகத்துக்குப் போகும் சரக்குக்கு 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கும் செபா என்ற இந்திய-அமீரக வர்த்தக ஒப்பந்தம் உதவுகிறது. தகுதியுள்ள பொருளாக இருந்து மூலச் சான்றிதழும் காட்டினால் வாங்குபவருக்கு அங்கே சுங்க வரிச் சலுகை. இதை விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். கடன் கேட்பவர்களுக்கு வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. காப்பீடு இல்லாமல் அனுப்ப வேண்டாம். நாங்கள் முப்பது சதவீதம் முன்பணம், மீதி கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் நகல் பார்த்ததும் என்று உறுதியாக நின்றோம். சிலர் விலகிப் போனார்கள், போகட்டும் என்று விட்டோம்.

நைரோபிக்காரரின் பட்டியல் வந்தபோது அதில் ஹையேஸின் சில எண்களுக்கு எங்களிடம் மோல்டு இல்லை. புதிதாக வெட்டினால் மாதக்கணக்கில் ஆகும். இல்லை என்று எழுதினால் அவர் முழுப் பட்டியலையும் தூக்கிக்கொண்டு வேறு ஆளிடம் போவார். மச்சான் ராஜ்கோட்காரரைக் கூப்பிட்டார், கண்காட்சியில் எங்களோடு பத்து சென்ட்டுக்கு மல்லுக்கட்டிய அதே ஆளை. எங்களிடம் ஹைலக்ஸ் இருக்கிறது, உங்களிடம் ஹையேஸ் இருக்கிறது, சேர்ந்து அனுப்பலாமா என்று கேட்டோம். முதலில் தயங்கினார், தன் வியாபாரியை நாங்கள் தட்டிப் பறிக்கிறோமோ என்று. பிறகு எழுத்தில் போட்டுக்கொண்டோம்: சரக்கு அவருடையது, பெட்டி நைரோபிக்காரரின் பிராண்டு, ஹார்ட்னஸ் இரண்டு யூனிட்டிலும் 60, ஒவ்வொரு பேட்சுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட், ஒருவர் வியாபாரியை மற்றவர் நேரடியாக அணுகுவதில்லை. அவர் சரக்கு லாரியில் திருமுடிவாக்கம் வந்து இறங்கியதும் நாங்கள் முதலில் செய்தது மீட்டரை எடுத்து அமுக்கிப் பார்த்ததுதான். 58, 61, 60 என்று வந்தது. எங்கள் பெட்டிகளோடு சேர்த்து சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பினோம். இப்போது ராஜ்கோட்காரருக்கு வரும் ஹைலக்ஸ் ஆர்டருக்கு நாங்கள் புஷ் போடுகிறோம்.