எத்தனை நாள் அழலாம்?

ஜூன் 3

அழுவதற்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் சோலோன் கொண்டுவந்த சட்டங்கள், துக்கத்தில் உடம்பைக் கீறிக்கொள்வதையும் அடுத்தவர் வீட்டுச் சாவில் போய் ஒப்பாரி வைப்பதையும் தடுத்தன. ரோமின் பன்னிரு பலகைச் சட்டமும் பெண்கள் கன்னத்தைக் கீறக் கூடாது என்றது. பணக்காரக் குடும்பங்கள் சாவு ஊர்வலத்தில் ஆள்பலம் காட்டுவதை அடக்கத்தான் இதெல்லாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருந்தும் என்ன? ரோமில் கூலிக்கு மாரடிக்கும் பெண்களின் பிழைப்பு அதற்கு அப்புறமும் ஓடியது.

ஜூன் 5

இன்று முழுக்கச் சீனா. பெற்றோருக்கு மூன்று வருடத் துக்கம் என்பது பழைய முறை. சாய் வோ என்ற சீடர் கன்ஃபூசியஸிடம் போய், "ஒரு வருடம் போதாதா?" என்று கேட்கிறார். அதற்குள் பழைய தானியம் தீர்ந்து புதிது வந்துவிடுகிறதே என்பது அவர் வாதம். நல்ல சோறு தின்று பட்டு உடுத்த உனக்கு மனம் ஒப்புமா என்கிறார் குரு. ஒப்பும் என்கிறார் சீடர். "அப்படியானால் செய்." அவர் போன பிறகுதான் குருவின் மனக்குறை வெளியே வருகிறது: பிள்ளை பெற்றோர் கையை விட்டு இறங்கவே மூன்று வருடம் ஆகிறதே!

எனக்கென்னவோ சாய் வோவைத்தான் பிடித்திருக்கிறது. மனதில் பட்டதைச் சொன்னார்.

பிற்காலத்தில் இது 27 மாதக் கணக்காகி, அரசு அதிகாரிகள் பதவியை விட்டு வீடு திரும்பியே ஆக வேண்டும் என்றானது. 1577-இல் மிங் அரசின் தலைமை அமைச்சர் சாங் ஜுஜெங்கின் தந்தை இறந்தார். இளம் பேரரசர் வான்லி அவரைப் போகவிடவில்லை. கண்டித்து மனு எழுதிய அதிகாரிகளுக்கு அரசவையில் பிரம்படி விழுந்தது. அப்பாவுக்காக லீவு எடுக்காததற்கு இத்தனை ரகளை!

ஜூன் 6

யூதர்களுக்கு முதல் ஏழு நாள், அப்புறம் முப்பது, பெற்றோர் என்றால் பதினொரு மாதம் பிரார்த்தனை. இஸ்லாத்தில் கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். அடக்கம் முடிந்து வந்ததும் யூதர்கள் சாப்பிடும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொடுத்ததாக இருக்க வேண்டுமாம். அடுப்பு மூட்டத் தெம்பில்லாதவர்களைப் பார்த்த யாரோ வகுத்த விதி.

ஜூன் 9

விக்டோரியா மகாராணி கணக்குக்குள் அடங்கவில்லை. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தார். 1901-இல் தான் சாகும்வரை கறுப்பு உடைதான். ஆல்பர்ட்டின் அறையில் தினமும் சவரத்துக்கு வெந்நீர் வைக்கச் சொன்னார். அந்தக் கால விதவைக்கே இரண்டு வருடம்தான் வழக்கம். ராணி என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது. அப்படியும் முணுமுணுப்பு இருந்தது.

ஜூன் 12

2022-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீடித்த துக்கத்தைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்பு நடந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். துக்கம் அவரவர் பண்பாட்டு வழக்கத்தை மீறியிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. நல்லவேளை.

ஏனென்றால் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொராஜா மக்கள், பெரிய இறுதிச் சடங்கு நடக்கும்வரை ஆள் செத்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை. உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே வைத்து, "உடம்பு சரியில்லை" என்பார்கள், சாப்பாடு வைப்பார்கள், பேசுவார்கள். எருமைகள் பலியிட வேண்டும். அதற்குப் பணம் சேர மாதங்கள் ஆகும், சில வீடுகளில் வருடங்கள். அங்கே போகும் மருத்துவர் அந்த 12 மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்?