ஏழு நாள் லாகும் ஒரு கேட் பாஸும்

எங்கள் கம்பெனியில் மெயிலுக்கும் அலுவலகப் படிவங்களுக்கும் பயன்படுத்தும் லோட்டஸ் நோட்ஸ் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறப் போகிறோம். திட்டம் போடும் பொறுப்பு என்னுடையது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மூன்று மாதமாக அந்த நேரம் முழுக்க இதே யோசனைதான்.

நோட்ஸ் முதன்முதலில் வெளிவந்தது 1989-இல். 1995-இல் லோட்டஸ் கம்பெனியை ஐபிஎம் வாங்கியது, 2019-இல் நோட்ஸ் எச்சிஎல் கைக்கு வந்தது. இன்றும் புது வெர்ஷன் வருகிறது. செத்துப்போன சாஃப்ட்வேர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் எங்களிடம் ஓடுவது பழைய வெர்ஷன். அதில் அப்ளிகேஷன் எழுதத் தெரிந்த இரண்டு பேரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மாறித்தான் ஆக வேண்டும்.

மெயிலை மாற்றுவது எனக்குப் பெரிய கவலையாக இல்லை. அதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: என்கிரிப்ட் செய்து, அதாவது பூட்டி, வந்த மெயிலை, அதைப் பெற்றவரின் ஐடி ஃபைலும் (நோட்ஸில் அவரை அடையாளம் காட்டும் சாவி மாதிரியான கோப்பு) பாஸ்வேர்டும் இல்லாமல் எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. ஓய்வு பெறப் போகிறவர்கள் போவதற்கு முன்பே உட்கார்ந்து அதைத் திறந்து வைத்துவிட வேண்டும்.

கஷ்டம் டேட்டாபேஸ்களில். எங்கள் சர்வரில் மெயில் பெட்டிகளைத் தவிர 112 டேட்டாபேஸ்கள். லீவு, கேன்டீன், டை (உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) பராமரிப்பு, வாடிக்கையாளர் புகார் என்று இருபது வருடமாக ஒவ்வொருவர் கேட்கக் கேட்க எழுதிக் கொடுத்தவை. எதையெல்லாம் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள் என்று சர்வரின் லாகை, அதாவது எது எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவை, பார்த்தேன். 19 மட்டும்தான் திறக்கப்பட்டிருந்தன. "சரி, 19-ஐ மாற்றினால் போதும்" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் பழுதான ஒரு நெட்வொர்க் ஸ்விட்சை சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. திரும்பி வர வேண்டிய பொருளுக்கு ஆர்.ஜி.பி. (ரிட்டர்னபிள் கேட் பாஸ்) போடாமல் கேட்டைத் தாண்ட முடியாது. செக்யூரிட்டி அண்ணன் டைப் செய்ய, நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன்.

வெளிர் மஞ்சள் படிவம். பொருள், எண், யார் கொண்டுபோகிறார், என்றைக்குத் திரும்பும். கீழே ரிமார்க்ஸ். முந்தைய பாஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னேன். கிரைண்டிங்குக்குப் போன ஒரு டைக்கு ரிமார்க்ஸில் "கடை சாத்தியிருந்தால் எதிர் டீக்கடையில் சாவி" என்று இருந்தது. இன்னொன்றில் "ஓனர் தம்பியிடம் கேட்டால்தான் கிடைக்கும்". எங்கள் டைகள் ஓசூரில் எந்தச் சந்தில் எந்தப் பட்டறையில் கிடக்கின்றன என்ற விவரம் அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. வேறு எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. புது சாஃப்ட்வேர் பற்றிப் பேச வந்தவர்கள் போட்ட பட்டியலில் ரிமார்க்ஸ் "தேவையில்லை" என்று அடிக்கப்பட்டிருந்தது. அவர்கள் யாரும் கேட் பக்கம் வரவே இல்லை.

தேதி தாண்டிய பாஸ்கள் சிவப்பாக இருந்தன. "தேதியெல்லாம் நான் படிக்கறதில்லம்மா. காலையில வந்ததும் சிவப்பு எத்தனை இருக்குன்னு பார்ப்பேன், அவ்வளவுதான்" என்றார் அண்ணன். அப்புறம் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார்: "மார்ச்சுல ஸ்டாக் எடுக்கறப்போ வெளிய இருக்கறதை எல்லாம் அந்த இன்னொண்ணுல சரிபார்ப்பாங்க." சொல்லிவிட்டு வேறொரு டேட்டாபேஸைத் திறந்தார்.

அது என் 19-இல் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நோட்ஸ் ஓடும் டோமினோ சர்வரின் லாக், நாம் மாற்றி அமைக்காவிட்டால், ஏழு நாளைக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்துவிடும். நான் பார்த்தது ஒரு வாரத்தை. வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் ஸ்டாக் கணக்கு, சம்பள உயர்வு மதிப்பீடு, ஆடிட்டுக்கு மட்டும் தேடும் பழைய புகார்கள் எதுவும் அதில் தெரியாது. மறுநாளே மேனேஜரிடம் போய்ப் பட்டியல் தவறு என்று சொல்லிவிட்டேன். 112-க்கும் சம்பந்தப்பட்ட ஆளைத் தேடிப் போய் "இதை எப்போது கடைசியாகத் திறந்தீர்கள், ஏன் திறந்தீர்கள்" என்று கேட்டேன். ஆறு வாரம் ஆனது. 34 உயிரோடு இருக்கின்றன. மீதியில் பெரும்பாலானவை படிக்க மட்டும் வேண்டும். அவற்றுக்காகப் பழைய சர்வர் ஒன்று எழுத முடியாதபடி இரண்டு வருடம் நிற்கும். மெயிலில் அனுப்பிய பழைய டாக்லிங்க்குகள் (நோட்ஸ் ஆவணத்தைத் திறக்கும் இணைப்புகள்) அதன் பிறகு வேலை செய்யாது என்பதையும் எல்லோருக்கும் இப்போதே எழுதிவிட்டேன்.

டூல் ரூம் டேட்டாபேஸை ஒத்திகைக்கு நகல் எடுத்தபோது பழையதில் 6,418 ஆவணங்கள், நகலில் 6,377. பிழைச் செய்தி எதுவும் இல்லை. 41 எங்கே? நோட்ஸில் ஓர் ஆவணத்துக்கு ரீடர்ஸ் ஃபீல்டு (யார் படிக்கலாம் என்ற பெயர்ப் பட்டியல்) இருந்தால், அதில் பெயர் இல்லாதவருக்கு அது கண்ணிலேயே படாது. டேட்டாபேஸின் மேனேஜர் உரிமை இருந்தாலும் படாது. நகல் எடுத்த ஐடிக்கு அந்த 41-ம் இல்லாத மாதிரிதான். சர்வரில் அந்தத் தடையையும் தாண்டிப் பார்க்கும் ஃபுல் ஆக்சஸ் அட்மினிஸ்ட்ரேஷன் உரிமையைப் போட்டுத்தான் பார்க்க முடிந்தது. எல்லாம் ஒரு வாடிக்கையாளரின் வரைபடங்கள். எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் பழைய சர்வரை நிறுத்திய பிறகுதான் தெரிந்திருக்கும். இந்த வேலையில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள்.

மாறும் நாள் பொங்கல் விடுமுறை. ஆயுத பூஜை என்று முதலில் நினைத்தோம், அது அரையாண்டுக் கணக்கோடு இடிக்கிறது. பொங்கல் என்றால் மார்ச் ஸ்டாக் எடுப்புக்கு முன் இரண்டு மாதம் பழகக் கிடைக்கும்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ள ஷேர்பாயிண்ட்டில் புது கேட் பாஸ் ஓரளவு தயார். ரிமார்க்ஸ் இருக்கிறது, நீளக் கட்டுப்பாடு இல்லாமல். தேதி தாண்டினால் வரி முழுக்கச் சிவப்பாகும். நேற்று அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "திறந்ததும் சிவப்பு முதல்ல வரணும்மா, நான் தேடக் கூடாது" என்றார். இன்று வரிசையை மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் அண்ணனிடம் காட்ட வேண்டும். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, எழுத்தை இன்னும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.