நாற்பத்தோராம் குறிப்பு

அந்த விடைத்தாளுக்கு நாங்கள் வழங்கிய புள்ளி தவறென்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்தப் பருவத்தில் ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸமியாத்தினின் ‘நாம்’ நாவலைப் பாடமாக நடத்தினேன். 1920, 21ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டு, சோவியத் நாட்டில் 1988 வரை அச்சேறாத நாவல் அது. அதில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வீட்டுச் சுவர்கள் கண்ணாடி. ஒரு கவளத்தை ஐம்பது முறை மெல்ல வேண்டும் என்பதுகூட அரசின் கால அட்டவணையில் உண்டு. டி-503 என்ற பொறியாளன் எழுதும் நாற்பது குறிப்புகளே கதை. இறுதியில் அவனுடைய கற்பனையை அறுவை செய்து நீக்கிவிடுகிறார்கள். தான் நேசித்த பெண் வதைக்கப்படுவதை அவன் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறான்.

மகிழ்ச்சியும் சுதந்திரமும் இந்நாவலில் ஒன்றுக்கொன்று பகையா என்பது தேர்வுக் கேள்வி. மற்றவர்கள் கட்டுரை எழுத, ஒரு மாணவி மட்டும் நாவலில் இல்லாத நாற்பத்தோராம் குறிப்பை எழுதியிருந்தாள். அறுவைக்குப் பிந்திய டி-503 தன் பழைய குறிப்புகளை எடுத்துவைத்து, மனம் தடுமாறிய இடங்களையெல்லாம் அடித்து, ஓரத்தில் “தேவையில்லை” என்று எழுதிக்கொண்டே போகிறான். மூன்றாம் பக்கத்தில் சில வரிகளை அவளே எழுதி, அளவுகோல் வைத்து அவளே அடித்திருந்தாள். மெல்லிய ஒற்றைக் கோடு. கீழே இருந்த ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. கேள்விக்கான விடை முழுவதும் அந்த அடித்த வரிகளில்தான் இருந்தது.

இரண்டாவதாகத் திருத்தியவர் என்னைவிட மூத்த விரிவுரையாளர். “அடிச்சதைத் திருத்தக்கூடாதுன்னு விதி இருக்கு சார். அடிக்காததுல வாதமே இல்ல. நான் எதுக்குப் புள்ளி போடுறது?” என்றார். வாதாடிப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன புள்ளிக்கே கையொப்பமிட்டேன்.

அந்த விதியை நான் மதிக்கிறேன். புள்ளி அட்டவணை இல்லாத இடத்தில் திருத்துபவரின் ரசனைதான் புள்ளி போடும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, வீட்டில் ஓர் ஆங்கிலப் புத்தகம்கூட இல்லாமல் கோலாலம்பூருக்கு வரும் பிள்ளைகள், நயமாக எழுத வராத ஒரே காரணத்தால் பின்தங்கிப் போவார்கள். நானும் அப்படி வந்தவன்தான். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது எங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் ஸமியாத்தின் படைத்த அரசும் தன் அட்டவணையை மக்களின் நன்மைக்கென்றுதானே சொல்கிறது? ஒரு தேர்வுப் புள்ளியை மூளை அறுவையோடு ஒப்பிடுவது மிகைதான். மிகையென்று தெரிந்தும் அந்த எண்ணம் என்னை விடுவதாயில்லை.

தாளைப் பார்க்க வந்தவளிடம் விதியை விளக்கினேன். “அடிச்சதைப் படிச்சீங்களா சார்?” என்று கேட்டாள். படித்தேன் என்றேன். “அப்ப சரி சார்,” என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஒருவராவது படித்தாரே என்ற நிறைவில் சொன்னாளா, படித்த பிறகுமா இந்தப் புள்ளி என்ற பொருளில் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால், விதியின் பின்னால் நிற்க எனக்கு இடமாவது இருந்திருக்கும்.

வரும் பருவத் தேர்வில் புனைவாகவும் விடையளிக்கலாம் என்றொரு கேள்வியை வரைந்து வைத்திருக்கிறேன். அதற்கும் புள்ளி அட்டவணை ஒன்று வேண்டும் என்று துறையில் கேட்பார்கள். அட்டவணை வந்துவிட்டால் அடுத்த ஆண்டே வகுப்பில் பாதிப்பேர் அளவுகோல் வைத்து வரிகளை அடித்துக் கொடுப்பார்கள். வரைவைத் துறைக் கூட்டத்துக்கு நான் இன்னும் அனுப்பவில்லை.