இரண்டாங்கட்டு ஜங்ஷன்

6.4.2025, ஞாயிறு
டிவியில் புதுப் பாம்பன் பாலத் திறப்பு. மேலே ஏறும் தூக்குப்பாலம் மட்டும் 72.5 மீட்டர். கை சும்மா இருக்குமா, வீட்டின் இரண்டாங்கட்டில் பலகை மேல் நான் கட்டும் மாடல் ரயில் அசலில் 87-இல் ஒரு பங்கு என்பதால், 87-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 83 செ.மீ. என் பலகையில் இடமில்லை. "காரைக்குடி லைன்ல கடல் எங்கடா இருக்கு?" என்றாள் அப்பத்தா.

9.4.2025, புதன்
முற்றத்துப் பக்க வளைவில் மூன்றாம் நாளாகப் பெட்டி கவிழ்கிறது. சக்கரம் மாற்றினேன், பெட்டிக்குள் ஈயத்துண்டு வைத்தேன். ம்ஹூம்.

13.4.2025, ஞாயிறு
பக்கத்துத் தெரு அண்ணன் வந்தார். ரயில்வேயில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்பவராக இருந்து ரிட்டையர் ஆனவர். கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தோடு பார்வையை ஓட்டினார்.

"நெளிஞ்சிருக்கு தம்பி. கேப்பு விடலியா? வெயிலு."

ராத்திரி கணக்குப் போட்டேன். மூன்று மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூடு கூடினால் முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். அது மட்டும் இவ்வளவு நெளிக்காது. நான் ஒட்டியது ஐப்பசி மழையில்; பிளைவுட் ஈரம் குடித்து உப்பியிருந்த நேரம். இப்போது காய்ந்து சுருங்கிவிட்டது. மேலே இருக்கும் தண்டவாளம் எங்கே போகும்? பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டது.

14.4.2025, திங்கள்
வருஷப் பிறப்பு. ரம்பத்தைத் தொட அப்பத்தா விடவில்லை. வீடு முழுக்கப் பலகாரப் புகை.

16.4.2025, புதன்
இரண்டு இடத்தில் வெட்டி, விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டேன். வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் பற்றவைத்தாயிற்று. எஞ்சினுக்குக் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான்; இணைப்புத் தகட்டை நம்பி அனுப்பினால் ஒருநாள் கைவிடும்.

ஜல்லிக்கு நம்மூர்ச் செம்மண் சரளைதான், டீ வடிகட்டியில் சலித்தது. கொட்டும் முன் காந்தத்தை ஓட்டினேன். மீசை முளைத்தாற்போல் கருமணல் ஒட்டிக்கொண்டு வந்தது! எஞ்சின் மோட்டாருக்குள் போயிருந்தால் தொலைந்தது. பிறகு ஃபெவிகாலில் சரிபாதித் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, ஊசியில்லாத சிரிஞ்சு. சோப்பு இல்லையென்றால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கும்.

20.4.2025, ஞாயிறு
வளைவு தாண்டியது. அடுப்படி ஓரத்தில் நின்றுவிட்டது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தண்டவாளத்தைத் தேய்த்தால் துணியில் கரிக்கோடு. வருஷப் பிறப்புப் பலகாரப் புகையின் எண்ணெய் படிந்து கரண்ட்டை மறித்திருக்கிறது.

அண்ணன் கேட்டார்: "இது மீட்டர்கேஜா, பிராட்கேஜா?"

87-ஆல் வகுத்தால் தண்டவாள இடைவெளி மீட்டர்கேஜ் என்றால் பதினொன்றரை மி.மீ., பிராட்கேஜ் என்றால் 19-க்குக் கொஞ்சம் மேல். கடையில் கிடைப்பதோ 16.5, 87-ஆல் பெருக்கினால் 1435, சென்னை மெட்ரோ தண்டவாளத்தின் அகலம். சொன்னேன்.

"அப்ப கானாடுகாத்தானுக்கு மெட்ரோ வந்துருச்சுன்னு சொல்லு" என்று வெற்றிலையை மடித்தார்.