கலிங்காவில் 120 நிமிஷம், பரமுண்டாவில் இரண்டு மணி நேரம்

2024 ஜனவரியில் சூப்பர் கப் கால்பந்து ஃபைனல் பார்க்கப் புவனேஸ்வர் போய்விட்டு வந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்காது.

கோரமண்டலில் போனால் காலை சென்ட்ரலில் ஏறி, மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே புவனேஸ்வரில் இறங்க வேண்டும். பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்தால் நாலு ஆட்டோ நிற்கிறது. கலிங்கா ஸ்டேடியம் இருக்கும் நயாபள்ளி பக்கம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். 500 கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் "ஏன் பாய்னா இவ்வளவு?" என்றேன். பாய்னா என்றால் ஒடியாவில் அண்ணன். "மேட்ச் இருக்குல்ல, இன்னைக்கு ரேட் அப்படித்தான்" என்றார். மேட்ச் ராத்திரி ஏழரைக்கு. அவர் பேசிக்கொண்டிருந்தது விடியற்காலை மூணு மணிக்கு! கடைசியில் 300-க்கு இறங்கினார். வழியெல்லாம் நான்தான் அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மேட்ச் பார்க்க ஆன காசைவிட இந்த ஆட்டோவுக்கு அதிகம் அழுதிருக்கிறேன். நீங்கள் போனால் வெயிட்டிங் ரூமில் விடியும்வரை உட்காருங்கள். வெளிச்சம் வந்ததும் டவுன் பஸ் (அப்போது 'மோ பஸ்' என்று பெயர்) ஓட ஆரம்பித்துவிடும். சுத்தமான பஸ், சில்லறைக் காசுதான்.

ரூம் பற்றி எழுத ஒன்றுமில்லை. குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வந்ததால் மூணு நாள் லீவு. கொல்கத்தா பாதி இங்கேதான் இருந்தது. கிடைத்ததை எடுத்தேன்.

சாப்பாடு பற்றி மட்டும் நிறைய உண்டு. பழைய ஊரில் பிந்துசாகர் குளத்தை ஒட்டி அனந்த வாசுதேவர் கோயில். லிங்கராஜரைப் பார்க்கப் போகிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் சாப்பிட வருகிறார்கள். மதியப் பிரசாதம் மண்சட்டி சட்டியாக வந்து இறங்குகிறது: சோறு, பருப்பும் காயும் சேர்ந்த தால்மா, கடுகு அரைத்துவிட்ட பெசரா, இனிப்பும் புளிப்புமாக ஒரு கட்டா. வெங்காயம், பூண்டு கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சட்டியைச் சாய்த்துப் போடுகிறார்கள். அந்தத் தால்மாவில் சீரகமும் மிளகாயும் வறுத்துத் தூவின வாசனை இன்னும் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. ஊருக்கு வந்து இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று, சாம்பாராகத்தான் வருகிறது.

சாயங்காலம் ஸ்டேடியம் போகிற வழியில் தஹிபரா ஆலுதம். கட்டாக் ஆட்கள் எங்கள் ஊர்ச் சரக்கு என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நம் தயிர்வடை கெட்டித் தயிரில் மிதக்கும், இதில் தயிர் மோர்த்தண்ணியாக இருக்கும். அந்த வடைமேல் காரமான உருளைக்கிழங்குக் குழம்பு, பட்டாணி, ஓமப்பொடி, பச்சை வெங்காயம். கடைசியில் கிண்ணத்தை நீட்டினால் அந்தத் தயிர்த்தண்ணியை இலவசமாக இன்னொரு கரண்டி ஊற்றுகிறார். ஒரு பிளேட் 30 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் பத்து பிளேட்.

சரி, மேட்ச்.

ஈஸ்ட் பெங்காலும் ஒடிஷா எஃப்சியும். இரண்டும் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் அணிகள். ஒடிஷா நடப்பு சாம்பியன், அதுவும் சொந்த மைதானம். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தொடங்கிய கொல்கத்தா கிளப். 2012 ஃபெடரேஷன் கப்புக்குப் பிறகு தேசிய அளவில் ஒரு கோப்பையும் இல்லை. ஐஎஸ்எல்-லுக்கு வந்த மூன்று சீசனில் ஒன்பதாவது, பதினொன்றாவது, ஒன்பதாவது. செப்டம்பரில் டூரண்ட் கப் ஃபைனலில் அதே ஊர்ப் பரம எதிரி மோகன் பகானிடம் தோற்றார்கள். இப்படிப்பட்ட அணிக்காக ரயிலிலும் வாடகை பஸ்ஸிலும் ஆயிரக்கணக்கில் வந்து சிவப்பும் மஞ்சளுமாக கேலரியை நிரப்புகிறார்கள் என்றால் அவர்களுக்குப் பைத்தியம்தான். அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது.

நான் போனதற்குக் காரணம் வேறு. நந்தகுமார் சேகர். நம்ம சென்னைப் பையன். போன வருஷம் இதே கோப்பையை ஒடிஷா ஜெர்சியில் ஜெயித்தவர், இந்த வருஷம் எதிரணியில். ஆகஸ்டில் டூரண்ட் கப் டெர்பியில் (ஒரே ஊர் அணிகள் மோதும் மேட்ச்) அவர் அடித்த ஒற்றை கோல், ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷமாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் இருந்ததை முடித்து வைத்தது. இந்தத் தொடரிலும் டெர்பியை 3-1 என்று ஜெயித்தார்கள், அதில் ஒன்று நந்தாவுடையது. கொல்கத்தாவில் அவர் ஹீரோ. நம் ஊர்ப் பேப்பரில் தேடித்தான் படிக்க வேண்டும். பக்கத்து ஸீட் பெரியவரிடம் "சென்னையிலிருந்து வருகிறேன்" என்றதும், "ஓ, நந்தா!" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவருடைய ஜால்முரி (மசாலாப் பொரி) பொட்டலத்தில் பாதி எனக்கு வந்தது.

கலிங்காவில் ஒரு குறை. சுற்றிலும் ஓட்டப்பந்தய டிராக். கேலரிக்கும் புல்லுக்கும் நடுவில் அவ்வளவு தூரம். எதிர் மூலையில் என்ன நடக்கிறது என்று கூச்சலை வைத்துத்தான் ஊகிக்க முடிகிறது. அத்லெட்டிக்ஸுக்கு அருமையான இடம், கால்பந்துக்குச் சுமார்தான்.

39-வது நிமிஷம் ஒடிஷாவின் டியகோ மௌரிசியோ அடித்தார். போன வருஷம் ஃபைனலில் இரண்டு கோலும் இவர்தான். எங்கள் பக்கம் அமைதி. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், 52-இல், நந்தா! நான் கத்திய கத்தலில் பெரியவர் என்னையே பார்த்தார். பத்து நிமிஷத்தில் பெனால்டி, ஸ்பெயின்காரர் சவுல் கிரெஸ்போ போட்டார், 2-1. 69-இல் ஒடிஷாவின் முர்தாதா ஃபால் ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். பத்து பேர். முடிந்தது கதை என்று நினைத்து மொபைலில் மணி பார்த்தேன். பரமுண்டா பஸ் ஸ்டாண்டிலிருந்து 11 மணிக்கு விசாகப்பட்டினம் பஸ். திரும்பும் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவேயில்லை என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து சென்னைக்கு ரயில். பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த டிக்கெட்டும் போச்சு, திங்கள் லீவும் செவ்வாயாகும்.

இஞ்சுரி டைம் எட்டாவது நிமிஷத்தில் ஒடிஷாவுக்குப் பெனால்டி. அகமது ஜஹூ நிதானமாகப் போட்டார். 2-2. பெரியவரின் கையில் இருந்த பொட்டலம் கசங்கி, பொரி மொத்தமும் என் ஷூவுக்குள். எக்ஸ்ட்ரா டைம்.

இப்போது எழுந்து போனால் பஸ் நிச்சயம். ஆனால் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வந்துவிட்டு, ஃபைனலில் அரை மணி நேரம் பாக்கி இருக்கும்போது எழுந்து போகிறவன் கால்பந்து பார்க்கவே வந்திருக்கக் கூடாது. உட்கார்ந்தேன். சௌவிக் சக்ரவர்த்தியும் ரெட் கார்டு வாங்க, பத்துக்குப் பத்து. எல்லோருக்கும் காலில் தசைப்பிடிப்பு. 111-வது நிமிஷம் ஒடிஷா டிஃபென்ஸ் சொதப்ப, கேப்டன் கிளெய்டன் சில்வா விடுவாரா? 3-2. 2012 ஃபெடரேஷன் கப் ஃபைனலில் கோவாவின் டெம்போ கிளப்பை ஜெயித்ததும் எக்ஸ்ட்ரா டைமில், இதே 3-2 கணக்கில்தான் என்று பெரியவர் விரல் விட்டுக் காட்டினார். விசில் ஊதியதும் அவர் அழுதுகொண்டே சிரித்தார், அவருக்குப் பின்னால் ஒரு காலேஜ் கும்பல் "ஜோய் ஈஸ்ட் பெங்கால்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இதே மாதம் கத்தாரில் ஆசியக் கோப்பையில் நம் இந்திய அணி மூன்று மேட்சிலும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றுத் திரும்பியது. அதே நாட்களில் இந்தக் கோப்பையை நடத்திய புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல? டிவியில் இரண்டில் எதைப் பார்ப்பான் ஒருத்தன்?

கோப்பை கொடுப்பதைப் பார்க்காமல் ஓடினேன். கிடைத்த ஆட்டோவில் கேட்ட காசைக் கொடுத்து, மூச்சிரைக்க பரமுண்டாவில் இறங்கினால் பஸ் வரவே இல்லை. ஏஜென்ட் "பாஞ்ச் மினிட்" என்றார். அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி வரைக்கும் நீண்டது. கோப்பை கொடுப்பது மட்டுமில்லை, மைதானத்தைச் சுற்றி வருவதையும் பார்த்துவிட்டு நடந்தே வந்திருக்கலாம்!

வந்த பஸ்ஸின் லட்சணம்: சாய்கிற ஸீட் சாயவில்லை, எனக்கு முன்னால் இருந்தது மட்டும் சாய்ந்து என் முழங்காலில் நின்றது. நடைபாதையில் வெங்காய மூட்டை. முதுகில் மாட்டிய பைக்கு லக்கேஜ் சார்ஜ் 50 ரூபாய் கேட்டார் கண்டக்டர். கொடுக்க மாட்டேன் என்றேன். பெர்ஹாம்பூர் வரைக்கும் அந்த விவாதம் ஓடியது. கொடுக்கவில்லை. விசாகப்பட்டினம் ரயிலைக் கடைசி நேரத்தில் பிடித்தேன்.

போகிறவர்களுக்கு, சொன்னபடி வரிசையாக: திரும்பும் ரயில் டிக்கெட்டை முதலில் போடுங்கள், பிறகு மேட்ச் டிக்கெட். ஃபைனல் என்றால் அன்றைக்கே திரும்பும் திட்டம் வேண்டாம், எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டி ஷூட்அவுட்டும் உங்கள் பஸ்ஸைக் கேட்டுக்கொண்டு வராது. கேட்டில் தண்ணி பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள், வெளியிலேயே குடித்துவிடுங்கள். ஸீட் எடுத்தால் மேல் வரிசையாகப் பாருங்கள், கீழே உட்கார்ந்தால் டிராக்தான் தெரியும். அனந்த வாசுதேவர் கோயிலுக்கு மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். தால்மா சட்டி சீக்கிரம் காலியாகிறது.