வைக்கத்தப்பன் சந்நிதிக்குப் போகும் சாலை

கேரளத்தின் வைக்கம் ஊரில் குடிகொண்ட மகாதேவர் ஒரே நாளில் மூன்று கோலத்தில் வழிபடப்படுகிறார். காலையில் தட்சிணாமூர்த்தி, உச்சிவேளையில் கிராதமூர்த்தி, மாலையில் பார்வதியோடு கூடிய ஈசன். கரன் என்ற அசுரன் வலக்கையில் கொண்டுவந்த லிங்கம் வைக்கத்திலும், இடக்கையில் கொண்டுவந்தது ஏற்றுமானூரிலும், பல்லில் கவ்வி வந்தது கடுத்துருத்தியிலும் அமர்ந்தது என்பது தலபுராணம். மூன்றையும் ஒரே நாளில், உச்சிப் பூஜைக்குள் தரிசிப்பது பெரும் புண்ணியம் என்பார்கள். என்னோடு வந்த அத்தைக்கு அதில்தான் ஆசை. நானோ வைக்கத்திலேயே பகல் முழுவதும் இருக்க வேண்டும் என்றேன். "சரி கண்ணு, அப்பன் எங்க இருக்கச் சொல்றானோ அங்க இருப்போம்" என்று அத்தை ஒத்துக்கொண்டார்.

தவணக்கடவிலிருந்து படகில் வேம்பநாட்டுக் காயலைக் கடந்து வந்தோம். கோயிலுக்குள் போனதும் மனம் தானாக அடங்கிவிட்டது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நீள்வட்ட வடிவில் செப்புக்கூரை வேய்ந்த ஸ்ரீகோவிலுக்கு, அதாவது கருவறைக்கு, முன்னால் நின்றேன். உள்ளே விளக்குகளின் நடுவே பெரிய லிங்கம். சுவாமி கிழக்கு பார்த்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிவேளைக் கோலத்துக்கு வருகிறேன். கிராதன் என்றால் வேடன். அர்ஜுனனுக்குப் பாசுபதம் தருவதற்கு முன் சிவன் வேடனாக வந்து நின்றான். அர்ஜுனனுக்கு அடையாளம் தெரியவில்லை, சண்டைக்கே போனான். அந்த வேடனைத்தான் இங்கே நடுப்பகலில் வணங்குகிறார்கள். ஆனால் நூறாண்டுக்கு முன்பு அதே வேடன் நிஜ உருவில் இந்த ஊருக்கு வந்திருந்தால், கோயிலை விடுங்கள், கோயிலைச் சுற்றியுள்ள சாலையில்கூடக் கால் வைத்திருக்க முடியாது. நான்கு பக்கமும் தீண்டல் பலகை நின்றது. ஈழவரும் புலையரும் அதைத் தாண்டக் கூடாது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் தாராளமாக நடக்கலாம். உள்ளிருக்கும் சிவனையே நம்பி வாழ்ந்தவர்களுக்குத்தான் தடை. கிராதமூர்த்தியின் முன் கைகூப்பி நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

அப்புறம் வெளியே வந்து சாலைகளில் நடந்தோம். நான்கு பக்கமும் சுற்றினோம். உள்ளே செய்த பிரதட்சிணத்தின் மீதியாகவே அது எனக்குப் பட்டது.

இந்தத் தடையை எதிர்த்து எழுந்ததுதான் வைக்கம் சத்தியாகிரகம். அதன் முதல் நாளான 1924 மார்ச் 30 அன்று மூன்று பேர் இந்தப் பலகையை நோக்கி நடந்தார்கள். குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். போலீஸ் சாதி கேட்டது. நாயர் போகலாம், மற்ற இருவரும் நிற்க வேண்டும் என்றது. பணிக்கர் தனியாகப் போக மறுத்தார். மூவரும் கைதானார்கள். அந்த மறுப்பைத்தான் நான் மறுபடி மறுபடி நினைக்கிறேன். அவருக்கு வழி திறந்தே இருந்தது. போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு இல்லாத வழி எனக்கும் வேண்டாம் என்று நின்றாரே, அதைவிடப் பெரிய வழிபாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு அரசு கைது செய்வதை நிறுத்திவிட்டு வழியை மறித்துக்கொண்டது. தொண்டர்கள் முறை வைத்துத் தடுப்புக்கு முன்னால் போய் நின்றார்கள், உட்கார்ந்து ராட்டை நூற்றார்கள். அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் போலீஸ்காரர்கள் படகில் நின்று காவல் காத்தார்கள்; இவர்கள் இடுப்புக்கு மேல் ஏறிய தண்ணீரிலும் முறை மாற்றாமல் நின்றார்கள். எதிர்ப்பாளர்கள் ஆமச்சாடி தேவன் என்ற தொண்டரின் கண்ணில் சுண்ணாம்பைப் பூசினார்கள். அடி வாங்கிய சிற்றேடத்து சங்குப் பிள்ளை இறந்தே போனார். பதிலுக்குக் கை ஓங்கக் கூடாது, மனதில்கூடக் கசப்பு வேண்டாம் என்பதுதான் காந்தி அவர்களுக்குச் சொன்னது. இது அரசியல் உத்தியாக மட்டும் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் தளர்ந்திருக்கும். விரதமாக இருந்ததால் 600 நாள் தாண்டியும் நின்றது.

எங்கள் ஊரில் ஒரு தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு நாங்கள் மனு கொடுத்துவருகிறோம். சவத்தை வரப்பில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்களுக்குக் கோபம் ஏறுகிறது, வெயில் அடித்ததும் அது வடிந்துவிடுகிறது. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநாள் நிற்க முடியவில்லை என்பது கண்கூடு. வைக்கத்தில் நின்றவர்களுக்குக் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது.

வைக்கத்தப்பனை அன்னதானப் பிரபு என்கிறார்கள். இங்கே அன்னதானத்துக்குப் பிராதல் என்று பெயர். ஊட்டுப்புரையில் வரிசையாக உட்கார்ந்து இலைபோட்டுச் சாப்பிட்டோம். 1924இல் பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து, சத்தியாகிரகிகளுக்காக இந்த ஊரில் ஓர் உணவுச்சாலை நடத்தினார்கள். இந்துக்களின் பிரச்சினையை இந்துக்களே தீர்க்க வேண்டும் என்று காந்தி சொன்னதால் அதை மூட வேண்டி வந்தது. அவர் கருதியது புரிகிறது. இருந்தாலும் பசித்தவனுக்குச் சோறு போட அன்னதானப் பிரபுவின் வாசலில் என்ன மதம் பார்ப்பது? அந்த அடுப்பு எரிந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஈழவரிடையே பிறந்த துறவி நாராயண குருவின் எண்ணமும் காந்தியின் எண்ணமும் முழுக்க ஒன்றல்ல. 1888இல் அருவிப்புறத்தில் தாமே சிவனைப் பிரதிஷ்டை செய்தவர் குரு. தடுப்பின் முன் நிற்பதோடு முடிக்காமல் அதைத் தாண்டிப் போக வேண்டும், கோயிலுக்குள்ளேயே நுழைய வேண்டும் என்பது அவர் பார்வை. ஆனாலும் போராட்டத்துக்குத் தம் வெல்லூர் மடத்தைக் கொடுத்தார், பணம் கொடுத்தார், நேரில் வந்தும் பார்த்தார். கருத்து வேறுபாட்டோடு துணை நிற்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். ஈரோட்டிலிருந்து வந்து இருமுறை சிறைபட்ட பெரியார் பின்னாளில் கடவுள் மறுப்பைப் பேசியவர். நாகம்மையாரும் இங்கே வந்து போராடினார். பக்தனாகிய நான் இன்று இந்தச் சாலையில் எல்லாரோடும் நடக்கிறேன் என்றால் அதில் அவர்கள் பங்கு உண்டு. ஊரில் இருக்கும் பெரியார் நினைவிடத்தில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தார்கள். நாகர்கோவில் பக்கமிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் இன்னொரு அணி புறப்பட்டது. சாலைகளைத் திறக்கக் கோரி 25,000 பேர் கையெழுத்திட்ட மனு திருவிதாங்கூர் மகாராணியிடம் போனது. சட்டசபையில் அதற்கான தீர்மானம் 21க்கு 22 என ஒரே வாக்கில் தோற்றது. 1925 மார்ச்சில் காந்தி இண்டந்துருத்தி மனை என்ற இல்லத்துக்குப் போய், சாலையைத் திறக்க எதிர்ப்புக் காட்டிய வைதிகர்களின் தலைவரான நம்பூதிரியிடம் பேசினார். அவரையும் இல்லத்துக்குள் விடாமல் தனியே அமர்த்தித்தான் பேசினார்கள். அந்த மனை இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். நாங்கள் போனபோது வாசலில் செங்கொடி பறந்துகொண்டிருந்தது.

1925 நவம்பரில் போராட்டம் சமரசத்தில் முடிந்தது. மூன்று பக்கச் சாலைகள் எல்லாருக்கும் திறந்தன. கிழக்கு மட்டும் திறக்கவில்லை. சுவாமி எந்தத் திசையைப் பார்த்து அமர்ந்திருக்கிறாரோ அந்தத் திசைச் சாலை! 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, தம் கண்ணுக்கு நேரே வர முடியாத மக்களைப் பார்த்துக்கொண்டேதான் அப்பன் இருந்திருக்கிறார். கிழக்கு நடையில் நின்று இதை அத்தையிடம் சொன்னேன். "அவன் கண்ண மூடியிருக்க மாட்டான் கண்ணு" என்றார்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்களை உள்ளே விட மறுத்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே முத்திரை வைத்தார்கள்.

திரும்பும் பேருந்தில் எங்கள் சுடுகாட்டுப் பாதைக் குழுவில் இருக்கும் தம்பியோடு போனில் பேசினேன். இனி மனுவோடு நிற்காமல், தாலுகா அலுவலக வாசலில் தினமும் மூன்று பேர் முறைவைத்து உட்காருவது; மூவரில் ஒருவராவது பாதை ஏற்கெனவே இருக்கும் தெருவிலிருந்து வர வேண்டும். அவன் உடனே ஒத்துக்கொண்டான். யார் வருவார்கள் என்று பெயர் எழுத ஆரம்பித்தோம். முதல் நாளுக்குத் தன் பெயரைப் போடச் சொன்னார் அத்தை.