மிச்சம் ஆறு நாணயங்கள்

வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஹாட்டிஸ்பர்க் ஊரில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி ஒசியோலா மெக்கார்ட்டிக்கு இந்த எந்திரமே பிடிக்காது. ஒருமுறை வாங்கிப் பார்த்து, சுத்தம் போதாதென்று துவைபலகைக்கே திரும்பிவிட்டார்! ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஊரார் துணியைத் துவைப்பதுதான் பிழைப்பு.

சேமிப்பைப் பிரிக்க, வங்கி அதிகாரி பத்து நாணயங்களை அவர் முன் வைத்தாராம்; ஒவ்வொன்றும் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு. சர்ச்சுக்கு ஒன்று, உறவினருக்கு மூன்று. மிச்சம் ஆறும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு. அதாவது 1.5 லட்சம் டாலர், வசதியற்ற கறுப்பின மாணவர்களின் உதவித்தொகைக்கு. அது 1995; அவருக்கு வயது 87.

1965 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்காத பல்கலைக்கழகம் அது. நானாக இருந்தால் ஒரு நாணயமும் கொடுத்திருக்க மாட்டேன். அவரோ, முன்பு விடவில்லை, இப்போது விடுகிறார்களே என்றார்.